காசியம்மாள் வீட்டுச் சரிபார்ப்பு

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டுகிறவர்கள் காசியம்மாளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இன்னும் எவ்ளோ தூரம்மா?" அவளும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "இதோ, கொஞ்ச தூரந்தான். மோர் குடிச்சிட்டு நடங்க." அங்கிருந்து கோயில் கோபுரத்துக்கு இன்னும் பாதி வழி பாக்கி இருக்கும். அதைச் சொன்னால், கால் கடுத்து வந்த மனுஷன் அங்கேயே ஆட்டோவில் ஏறிவிடுவான். மோர் யார் குடிப்பது? கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, அவருக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதை எடுத்து நீட்டுவது காசியம்மாளுக்குக் கைவந்த வேலை. அதைப் பொய் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். "நான் இன்னா கிலோமீட்டர் கல்லா? வாய் இருக்கிற மனுஷி" என்பாள்.

அவள் செங்கம் பக்கத்துப் பெண். குமரேசனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டைக் கடலை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் மோரும் சுண்டலும் என்று குடும்பம் ஓடியது. குமரேசன் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகும் பௌர்ணமி வந்துகொண்டுதான் இருந்தது, சுண்டலும் வெந்துகொண்டுதான் இருந்தது. மகன் இளஞ்செழியனுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். மகள் பூஜாவுக்கு இப்போது கல்யாணம் கூடியிருந்தது.

அந்தக் கல்யாண வேலைக்கு நடுவில்தான் போன் வந்தது. பேசியது அருணாதேவி என்ற பெண். சென்னையில் ஆராய்ச்சி படிப்பவள். "இருபது வருஷம் முன்னாடி எங்க புரொபசரம்மா உங்க வீட்டுக்கு வந்து, வீட்டு வழக்கம், சாமி, சடங்கு எல்லாம் கேட்டு எழுதினாங்க. ஞாபகம் இருக்கா? அதே வீட்ல அதே கேள்விங்களைத் திரும்பக் கேட்டு, சரிபார்க்க வரலாம்னு இருக்கேன்" என்றாள்.

அந்தப் பெண் வேறு எந்தச் சொல்லையும் சொல்லியிருக்கலாம். விசாரிக்க வருகிறேன், பேச வருகிறேன், சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறேன் என்று தமிழில் எத்தனையோ இருக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டுச் 'சரிபார்க்க' என்றாள். போனை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்த இளஞ்செழியனுக்கு முகம் வெளிறிவிட்டது.

இளஞ்செழியன் வேங்கிக்காலில் ஒரு கணினி மையத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன். சான்றிதழ் சரிபார்ப்பு, முகவரி சரிபார்ப்பு, பெயர் சரிபார்ப்பு என்று நாளெல்லாம் அந்தச் சொல்லோடுதான் புழங்குகிறான். உலகத்தில் நல்லது கெட்டது என்று இரண்டு உண்டு என்று மற்றவர்கள் நம்புவார்கள். அவன் பொருந்துவது பொருந்தாதது என்று இரண்டு உண்டு என்று நம்பினான். அதற்குக் காரணமும் வீட்டிலேயே இருந்தது. குமரேசன் போன பிறகு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டபோது, அம்மாவின் பெயர் ஒரு அட்டையில் காசியம்மாள் என்றும் இன்னொன்றில் காசியம்மா என்றும் இருந்தது. யாரைக் குறை சொல்ல? கேட்ட இடத்தில் எல்லாம் வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தவள் அவளேதான். அந்த ஒரு 'ள்'ளுக்காக அவன் தேய்த்த செருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"அப்ப இன்னா சொன்னோமோ அதையேதான் இப்பவும் சொல்லணும்" என்று வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னான். "ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருந்தா அவ்ளோதான். கல்யாணத்துக்கு முன்னால வில்லங்கம் வேணாம்."

இதில் ஒரு சின்னச் சிக்கல். அப்போது என்ன சொன்னோம் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. டிவி இருந்ததாகக் காசியம்மாள் சொன்னாள். இல்லை, எதிர்வீட்டில் போய்ப் பார்த்தோம் என்றான் மகன். மாவு எதில் அரைத்தோம் என்பதில் மட்டும் ஒருமனதாக ஆட்டுக்கல் என்று முடிவானது. ஆட்டுக்கல் முருங்கை மரத்தடியில் கிடந்தது. அதன் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரைக் கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன. மாமியாரும் மருமகளும் அதைப் புரட்டிக் கழுவி அடுக்களைக்குள் கொண்டுவந்தார்கள். கிரைண்டர் கட்டிலுக்கு அடியில் போனது. பிரிட்ஜை எங்கும் தள்ள முடியாமல் அதன் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினார்கள்.

"அப்ப நான் தவழ்ந்துக்கினு இருந்தேனாமே. இப்பவும் தவழணுமாண்ணா?" என்று கேட்டாள் பூஜா.

"நீ கம்முனு இருந்தா போதும்" என்றான் இளஞ்செழியன்.

பிறகு ஒத்திகை நடந்தது. அவன் கேள்வி கேட்பான், காசியம்மாள் பதில் சொல்வாள். எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவன் இதையும் கேட்டான்: "பூவாடைப் பானையை உங்க வீட்ல யார் தூக்குவாங்க?"

காசியம்மாள் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்தாள்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில், வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் பந்தக்காலுக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் போட்டாக வேண்டும். பூவாடைக்காரி வேறு யாருமில்லை. அந்த வீட்டில் வாழ்ந்து, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்கள்தான். கிணற்றடியில் புதுப்பானையில் நீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றி, பம்பை அடித்து அவர்களை அழைப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி அந்தப் பானையைத் தலையில் வைத்து வீடு கொண்டுவந்து சேர்ப்பாள். பிறகுதான் புதுப்புடவை, கொழுக்கட்டை, படையல் எல்லாம். தூக்குகிறவள் கட்டுக்கழுத்தியாக, அதாவது புருஷன் இருப்பவளாக இருக்க வேண்டும் என்பது பேச்சு.

இளஞ்செழியனின் கல்யாணத்தில் காசியம்மாள் அந்த நேரம் அடுக்களையில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். பம்பைச் சத்தம் தெருவில் வந்தபோது, யாரோ ஒரு பங்காளி வீட்டுப் பெண் இந்த வீட்டுப் பானையைத் தூக்கி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எண்ணெய் காந்தியது கூடத் தெரியவில்லை. அன்றைக்குப் பட்டது இன்னும் ஆறவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பூஜாவுக்காகப் பூவாடை. மருமகள் எழிலரசி தூக்குவதாக முடிவாகியிருந்தது. மேடையில் தாரைவார்க்கவும் காசியம்மாளால் முடியாது. மகளுக்காக அவள் கையால் செய்ய அந்தப் பானை ஒன்றுதான் இருந்தது. அதைத் தானே தூக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய் இருக்கிற மனுஷிக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"கட்டுக்கழுத்திதான்னு சொல்லும்மா. அப்பவும் அப்படித்தான் சொல்லியிருப்ப" என்று எடுத்துக்கொடுத்தான் மகன்.

"சரிப்பா" என்றாள்.

புதன்கிழமை காலையில் அருணாதேவி வந்தாள். பேருந்தில் வந்து இறங்கி, பாதையில் வழி கேட்டு, யாரோ "கொஞ்ச தூரந்தான்" என்றதை நம்பி நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்தாள். பாயில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பேச்சைப் பதிவு செய்யப் போனை நடுவில் வைத்தாள்.

"மாவு எதுலம்மா அரைக்கிறீங்க?"

"ஆட்டுக்கல்லுலதான்" என்று மூன்று பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அருணாதேவி ஆட்டுக்கல்லைப் பார்த்தாள். குழவியில் ஒரு கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே எழுதிக்கொண்டாள். குடிதண்ணீர்? கிணற்றில். அடுப்பு? விறகு. டிவி? எதிர்வீட்டில். இருபது வருஷமாக இந்த வீட்டில் ஒரு துரும்புகூட அசையவில்லை என்றால் கலெக்டரே வந்து விருது கொடுக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, போர்த்திய புடவைக்குள்ளிருந்து பிரிட்ஜ் டுர்ரென்று உறுமி ஓட ஆரம்பித்தது. இளஞ்செழியன் பலமாக இருமினான்.

"அந்தப் புடவைக்குள்ள யாரும்மா?" என்று கேட்டாள் அருணாதேவி.

காசியம்மாளுக்குச் சட்டென்று வாயில் வந்தது அதுதான். "பூவாடைக்காரி" என்று சொல்லிவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதலில் சிரித்தது பூஜா. பிறகு எழிலரசி. அருணாதேவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சிரிப்பு அடங்கியபோது கட்டிலுக்கு அடியிலிருந்து கிரைண்டர் வெளியே வந்தது, பழைய அட்டைகளின் கதையும், அந்த 'ள்'ளும் வெளியே வந்தன.

"தப்பு என்மேலதான். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அருணாதேவி. "பொருந்துதான்னு பார்க்க நான் வரலைங்க. ஒரு தடவை வந்து பார்த்தா அன்னைக்கு எப்படி இருந்துதுன்னு மட்டும்தான் தெரியும். அதே வீட்டுக்குத் திரும்பி வந்தாதான் எது மாறிச்சு, எது நின்னுச்சு, மாத்தினது யாரு, எதுக்கு மாத்தினாங்கன்னு புரியும். நீங்க எல்லாம் அப்படியே இருக்குன்னு சொன்னா நான் என் கைடுகிட்ட இன்னா சொல்றது? சும்மா போய் சோறு தின்னுட்டு வந்தேன்னா?"

"அப்ப மாத்திச் சொன்னா தப்பு இல்லியா மேடம்?" என்று கேட்டான் இளஞ்செழியன். நம்பவே முடியாத குரல்.

"நடந்தது மாறியிருந்தா மாத்திச் சொல்லலாம்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். இந்த முறை பதில்கள் வேறு மாதிரி வந்தன. கேஸ் வந்தது, போர் போட்டது, பௌர்ணமிச் சுண்டலுக்குக் காகிதத் தட்டு வந்தது. கார்த்திகைக்கு மலையில் தீபம் தெரிந்த பிறகே வீட்டு விளக்கை ஏற்றுவது மட்டும் இன்னும் அப்படியே இருந்தது. கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தாள்.

"பூவாடைப் பானையை யார் தூக்குவாங்கம்மா?"

காசியம்மாள் மடியில் இருந்த முந்தானையைத் திருகினாள். "அப்ப நான் இன்னா சொன்னேன் கண்ணு?"

அருணாதேவி புரொபசரம்மா அப்போது எழுதிய தாளைப் பார்த்துப் படித்தாள். "'கட்டுக்கழுத்திதான் தூக்கணும். தாலி அறுத்தவ நிழல்கூடப் படக் கூடாது'ன்னு சொல்லியிருக்கீங்க."

காசியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தம்மாள் முகத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன வேண்டுமோ அதை எடுத்து நீட்டியிருக்கிறாள். கொஞ்ச தூரந்தான் என்று வழிப்போக்கனுக்குச் சொல்வது போலத்தான் அதையும் சொன்னாள். அந்தத் தூரத்தை நடக்கப் போவது தானேதான் என்று அப்போது யார் கண்டது?

"அதை அடிச்சிட்டு எழுதிக்கோ" என்றாள். "இந்த வீட்ல பானையைத் தூக்கறது வீட்டுப் பெரிய பொம்பளை. கழுத்துல தாலி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. வர்ற வெள்ளிக்கிழமை நான்தான் தூக்கறேன்."

இளஞ்செழியன் வாய் திறந்தான், எழிலரசி அவன் முழங்கையில் இடித்தாள், மூடிக்கொண்டான்.

அருணாதேவியும் லேசுப்பட்டவள் இல்லை. "அடிக்க மாட்டேம்மா. அது அப்ப சொன்னது, அது பாட்டுக்கு இருக்கட்டும். கீழே புதுசா எழுதறேன். ஆனா இது வழக்கமா, இல்ல உங்க ஆசையா?"

"வெள்ளிக்கிழமை வந்து பாரு. தெரியும்."

"அப்ப இன்னைக்கு, தான் தூக்கப்போறதா 'சொல்றாங்க'ன்னு எழுதறேன். நீங்க தூக்கினப்புறம் 'செய்றாங்க'ன்னு எழுதறேன். எங்க வேலையில ரெண்டும் வேற வேறங்க."

சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் சுப்பன் இருந்தார். குமரேசனின் அண்ணன், பங்காளிகளில் மூத்தவர், பக்கத்துத் தெரு. வழக்கம் என்றால் அவருக்கு உயிர். அந்த வழக்கத்தை அவரே செய்ய வேண்டியிருந்தால் மட்டும் மூட்டுவலி வந்துவிடும். படையலுக்கு வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, தேரடிப் பக்கம் போய்ப் பரோட்டா சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. விஷயம் காதில் விழுந்ததும் அன்று சாயங்காலமே துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா காசி, புதுசா ஏதோ கேள்விப்படறேன்? மருமவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உனக்கு எதுக்கு இது?"

"எனக்கு இடுப்பு வலி பெரிய மாமா" என்றாள் எழிலரசி அடுக்களையிலிருந்து. காலையில் ஆட்டுக்கல்லைத் தனியாளாக முருங்கை மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனவள் அவள்.

"தெய்வ காரியம். கோச்சுக்குமா, கோச்சுக்காதா?"

"யாரு மாமா கோச்சுக்குவாங்க?" என்று கேட்டாள் காசியம்மாள். "அந்தப் பானையில வர்றது யாரு? எங்க தனம் அக்கா." தனம் என்பது சுப்பனின் மனைவி, பூவும் பொட்டுமாகப் போனவள். "அக்கா என்கிட்ட என்னைக்காவது கோச்சுக்கினு இருக்காங்களா? அவங்க கோச்சுக்கினது பூரா உங்ககிட்டதான்."

சுப்பன் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். கண் கொஞ்சம் கலங்கியது. ஆனாலும் வந்த வேலையை விட்டுவிட்டால் மூத்தவர் என்று எதற்கு? "அதெல்லாம் சரி. வழக்கம்னு ஒன்னு இருக்கில்ல?"

காசியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கிறவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? மனுஷன் ஒத்துக்கொள்ள ஒரு சாக்கு தேடுகிறார்.

"இருக்கு மாமா. ஆனா இப்ப ஒரு சிக்கல் ஆயிப்போச்சு. மெட்ராஸ்ல இருந்து சரிபார்ப்புக்கு வந்தாங்க. நான்தான் தூக்கறேன்னு எழுதிக்கினு போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை நேர்ல வந்தும் பார்ப்பாங்களாம். இப்ப வேற யாராவது தூக்கினா ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி ஆயிடும்."

சுப்பன் திரும்பி இளஞ்செழியனைப் பார்த்தார். குடும்பத்தில் இந்த விவகாரங்கள் தெரிந்தவன் அவன்தானே. அவன் அம்மாவைப் பார்த்தான். வடை தட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் தன் கல்யாணத்தின்போது அவனுக்கும் தெரிந்திருந்தது. புது வேட்டியில் நின்ற மாப்பிள்ளைக்கு அப்போது வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஆமா பெரியப்பா" என்றான், வேங்கிக்காலில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில். "ஒருதடவை பதிவுல ஏறிடுச்சுன்னா மாத்தறது ரொம்பக் கஷ்டம்."

"ஏறிடுச்சா?" என்றார் சுப்பன். பெருமூச்சு விட்டார். "ஏறிடுச்சுன்னா அப்புறம் இன்னா பண்றது. ஆகட்டும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிணற்றடிக்குப் போனார்கள். கிணறு இருந்த நிலம் இப்போது யாரோ வாங்கிப்போட்ட மனை. வாட்ச்மேனிடம் சொல்லி கேட்டைத் திறக்கச் செய்து உள்ளே போனார்கள். பானைக்கு நீர் மொண்டு, வேப்பிலை செருகி, மல்லிகைச் சரம் சுற்றினார்கள். பம்பைக்காரர் வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். தனம் பெயர் வந்தபோது சுப்பன் மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கற்பூரம் எரிந்தது. காசியம்மாள் குனிந்து பானையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

கனத்தது. நன்றாகவே கனத்தது. நீர் தளும்பிக் கழுத்தில் வழிந்தது. அதோடு சேர்ந்து கண்ணீரும் வழிந்ததால் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. குமரேசன் இருந்திருந்தால் கேலி செய்திருப்பார் என்று நினைத்தாள். முன்னால் பூஜா புதுப்புடவை தடுக்கத் தடுக்க நடந்தாள், பக்கத்தில் இடுப்பு வலிக்காரி எழிலரசி துள்ளிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் அத்தை நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து புடவைத் தட்டோடு வந்திருந்தவள். பானையைப் பார்த்தாள், அதன் கீழே இருந்த வெறுங்கழுத்தைப் பார்த்தாள். "இன்னாங்க இது, அவங்க தூக்கறாங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள்.

பம்பை நின்றது. காசியம்மாளுக்குக் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

சுப்பன் முன்னால் வந்தார். துண்டை உதறினார்.

"இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட?" என்றார். "எங்க வீட்ல வீட்டுப் பெரிய பொம்பளைதான் தூக்குவா. தாலி கீலி எல்லாம் நாங்க பார்க்கறதில்ல. எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து இதுதான் வழக்கம். இன்னைக்கு நேத்தா தூக்கறோம்?"

அத்தை தட்டை இறக்கிவைத்துவிட்டு வழி விட்டாள். ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்த அருணாதேவி பேனாவோடு காசியம்மாள் பக்கத்தில் வந்து, காதருகில் கேட்டாள்: "அம்மா, இப்ப நான் எதை எழுதட்டும்?"

"பெரியவரு சொன்னதையே எழுதிக்கோ கண்ணு" என்றாள் காசியம்மாள், பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "அடுத்த வாட்டி சரிபார்க்க வரும்போது அவரு மாத்திச் சொல்ல முடியாது பாரு."

சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வாசற்படிக்குள் வைத்தாள்.